நாக்கு எரிகிறது, புண் எதுவும் இல்லை

கேள்வி: வயது 54. 4 மாதமாக நாக்கு நுனி, மிளகாயைக் கடித்ததுபோல் எரிகிறது. காலையில் குறைவு, சாயங்காலம் தாங்க முடியவில்லை. ஜிகர்தண்டா குடித்தால் சற்று அடங்குகிறது. எல்லாரும் மனப்பிரமை என்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: பிரமை இல்லை அம்மா. என் தாயாரும் இதே எரிச்சலில் ரசத்தைக்கூட ஒதுக்கினார். அவரையும் யாரும் நம்பவில்லை. புண்ணே இல்லாமல் தினமும் 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதம் தாண்டி எரிந்தால் அது பர்னிங் மவுத் சிண்ட்ரோமாக இருக்கலாம். நரம்புக் கோளாறு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும். புற்றுநோயாக மாறாது.

ஆனால் முதலில் வாயைக் காட்டிப் பூஞ்சைத் தொற்று இல்லையென்று உறுதி செய்யுங்கள். சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்து, பி12 பரிசோதனையும் வேண்டும். எனாலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையாலும் எரியலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். பாக்குப் போடுவீர்களா? எழுதவில்லையே. வாய் சரியாகத் திறக்கவில்லை என்றால் அது வேறு நோய், உடனே காட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், குளோனாசெபாம் என்ற நரம்பு மாத்திரையை 3 நிமிடம் வாயில் ஊறவைத்துத் துப்பும் முறை பலருக்குக் கைகொடுக்கிறது. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். பல் துலக்குவது புதினா பேஸ்ட் என்றால் மாற்றுங்கள். சர்க்கரை அளவு தெரியும்வரை ஜிகர்தண்டாவுக்குப் பதில் ஐஸ் கட்டி போதும்.