வாலாட்டிப் பக்கம்: பெரிய ஜாதி நாய்க்குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன் எப்போது?

கேள்வி: எங்கள் ராட்வீலர் 9 குட்டி போட்டிருக்கிறாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எட்டையும் செல்லமாக மட்டும் வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கப்போகிறோம். யாராவது வாங்கிப் போய் இனப்பெருக்க வியாபாரம் செய்துவிடுவார்களோ என்று பயம். 8 வாரத்திலேயே கருத்தடை செய்து கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். 6 மாதத்தில் செய்வதாக எழுதி வாங்கினால் போதும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பேருமே சரியில்லை.

8 வாரக் குட்டிக்கு ஆபரேஷன் செய்ய முடியும்தான். காப்பகங்களில் செய்கிறார்கள். அங்கே குட்டி யார் கைக்குப் போகிறது, அப்புறம் என்ன ஆகிறது என்று பின்தொடர முடியாது, அதனால் அவர்களுக்கு அது நியாயம். உங்கள் வீட்டுக் கதை வேறு. எட்டே குட்டிகள், எட்டு வீட்டு ஃபோன் நம்பரும் உங்களிடம் இருக்கும்.

விஷயம் எலும்பில் இருக்கிறது. கால் எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கும், எலும்பு நீளும் இடம் அதுதான், வளர்ச்சி முடிந்து அது மூடிக்கொள்ள பாலின ஹார்மோன்களும் வேண்டும். அந்த ஹார்மோன்களைச் சுரக்கும் உறுப்பைத்தான் கருத்தடையில் எடுக்கிறார்கள். முன்கூட்டியே ஆபரேஷன் செய்தால் தட்டு தாமதமாக மூடுகிறது, கால் கொஞ்சம் கூடுதலாக நீள்கிறது, மூட்டுகளின் கோணம் மாறுகிறது. சின்ன ஜாதி நாய்களுக்கு இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. 40 கிலோவுக்கு வளரப்போகும் நாய்க்கு இடுப்பிலும் முழங்காலிலும் அது தெரியலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஹார்ட் தம்பதியின் குழு 35 இனங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட முடிவும் இதையே காட்டியது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றுக்குச் சீக்கிரம் செய்தால் மூட்டுக் கோளாறு கூடியது. ராட்வீலருக்கென்றே 2002-ல் ஓர் ஆய்வு வந்தது: ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்த நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு எலும்புப் புற்றுநோய் வரும் என்றது. ஒரே ஆய்வு, ஒரே இனம், அதை எல்லா நாய்க்கும் நீட்ட வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது அதே இனமாயிற்றே.

என் முதல் லாப்ரடாருக்கு 5 மாதத்திலேயே செய்துவிட்டேன், 4 வயதில் முழங்கால் லிகமென்ட் அறுந்தது. அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் உறுத்தல் போகவில்லை.

சரி, எப்போது செய்வது? ஆண் குட்டி என்றால் வளர்ச்சி நின்ற பிறகு, உங்கள் இனத்துக்கு 12 முதல் 15 மாதம் என்பேன். பெட்டைக்குக் கணக்கு கொஞ்சம் சிக்கல். ரொம்பச் சீக்கிரம் செய்தால் மூட்டுப் பிரச்சினையோடு, கனமான பெட்டைகளுக்குப் பின்னாளில் சிறுநீர் கசியும் தொல்லையும் வரலாம். செய்யாமலே விட்டால் கருப்பையில் சீழ் கட்டலாம், 10 வயதுக்குள் சுமார் நான்கில் ஒரு பெட்டைக்கு அது வருகிறது, உயிருக்கே ஆபத்து. முதல் ஹீட் (பெட்டை இனச்சேர்க்கைக்குத் தயாராகும் பருவம்) முடிந்து 2, 3 மாதம் கழித்துச் செய்வது என் விருப்பம், ஒவ்வொரு குட்டிக்கும் அதன் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இப்போது வீட்டுக்கு வருவோம், உங்கள் பயத்துக்கு மருந்து அங்கேதான். வருகிறவரிடம் "ஹீட்டுக்கு வந்தால் மூன்று வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். திருதிருவென்று விழித்தால் அவருக்குப் பெட்டைக் குட்டி வேண்டாம். எத்தனை குட்டி போடும் என்று எதிர்க்கேள்வி கேட்டால் எந்தக் குட்டியும் வேண்டாம். ஒப்பந்தத்தில் 6 மாதம் என்று எழுதாமல், டாக்டர் சொல்லும் மாதத்தில், அதிகபட்சம் 18 மாதத்துக்குள் என்று எழுதுங்கள். வளர்க்க முடியாவிட்டால் எந்த வயதிலும் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற வரியை மறக்காதீர்கள். பல கென்னல் கிளப்களில் (ஜாதி நாய்களைப் பதிவு செய்யும் சங்கங்கள்), குட்டி போட்டாலும் அந்தக் குட்டிகளைப் பதிவு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு போட்டுப் பதியலாம், வியாபார ஆசை பாதி அங்கேயே அடங்கிவிடும். இதற்கு மேலும் கணவர் சமாதானமாகவில்லை என்றால், ஆண் குட்டிகளுக்கு வாசக்டமி பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதில் விந்துக்குழாயை மட்டும் துண்டிப்பதால் ஹார்மோன் அப்படியே இருக்கும், குட்டி மட்டும் உண்டாகாது.

கேள்வி: 7 மாத லாப்ரடார், ஆண். வருகிறவர் மேலெல்லாம் தாவுகிறான், கயிற்றை இழுக்கிறான். கருத்தடை செய்தால் அடங்குவானா?

பதில்: மாட்டான். பெட்டையைத் தேடி ஓடுவதும் வீட்டுக்குள் அங்கங்கே சிறுநீர் தெளிப்பதும் குறையலாம். தாவுவதற்கும் இழுப்பதற்கும் பயிற்சிதான். ஒரு வயது தாண்டிச் செய்யுங்கள். செய்த பிறகு சாப்பாட்டு அளவைக் குறைக்காவிட்டால் பீப்பாயாகிவிடுவான்.

கேள்வி: எங்கள் கிரேட் டேன் பெட்டைக்குக் கருத்தடை செய்யும்போதே இரைப்பையையும் தைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். தேவையா?

பதில்: அவசியம் செய்யுங்கள். ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும், அதில் கிரேட் டேன்தான் முதல் வரிசை. வயிற்றுச் சுவரோடு தைத்தால் முறுக்குவது தடுக்கப்படும், உப்புவது மட்டும் அப்போதும் நடக்கலாம். வயிறு வீங்கி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராவிட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.