அனலாக்கும் டிஜிட்டலும் ஒரே டவரில்: கேள்வி பதில்

வானொலி டிரான்ஸ்மிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாகர்கோவிலில் இருக்கிறேன். டிஜிட்டல் ரேடியோ பற்றி நம்ம மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

தக்கலை: அண்ணாச்சி, டி.ஆர்.எம். என்கிற டிஜிட்டல் ஒலிபரப்பு எங்க அப்பாவின் பழைய ரேடியோவில் கேட்குமா?

கேட்காது மக்கா. தகரக் கூரையில் மழை அடிக்கிற மாதிரி இரைச்சல்தான் வரும். அதனால்தான் பழைய ரேடியோவுக்கான அனலாக் ஒலிபரப்பையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். சிக்கலும் அங்கேதான். மீடியம் வேவில் அலைவரிசைகளுக்கு நடுவே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸ், திருவனந்தபுரம் 1161: ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. அனலாக்கின் பக்கத்தில் டிஜிட்டலையும் உட்கார வைத்தால் 18 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். ஒரு ஆள் சீட்டில் இரண்டு பேர்.

மார்த்தாண்டம்: பக்கத்து இடத்தையும் கொடுத்துவிட்டால் போச்சு. அதில் என்ன கஷ்டம் சார்?

உள்நாட்டில் அலைவரிசை ஒதுக்குவது மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு. அதற்கு மேல் 1975 ஜெனீவா ஒப்பந்தம் இருக்கிறது. யார் எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்று நாடுகள் சேர்ந்து போட்ட கணக்கு அது. நமக்கு எதிரே இலங்கை. உப்புத் தண்ணீர் மேல் மீடியம் வேவ் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். ராத்திரியானால் கேட்கவே வேண்டாம், பகலில் அலையை விழுங்குகிற டி அடுக்கு வானத்தில் மறைந்துவிடும், தூரத்து நிலையமெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். பகலில் தொல்லை தராத டிஜிட்டல், இருட்டினதும் அடுத்த நாட்டு நிலையத்தின் மேல் ஏறி உட்காரலாம்.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்: டிரான்ஸ்மிட்டர் பக்கம் என்ன சிரமம்?

இதைக் கேட்டதற்கு ஒரு டீ வாங்கித் தரணும். பழைய டவர் ஒரே அலைவரிசைக்கு இறுக்கி ட்யூன் செய்தது. நடுவில் நன்றாக இழுக்கும், ஓரத்தில் சுணங்கும். டிஜிட்டலுக்கு ஓரமும் நடுவும் ஒரே மாதிரி வேண்டும் என்பதால், டவர் அடியில் இருக்கிற ட்யூனிங் பெட்டியையே மாற்றி அமைக்க வேண்டி வரும். அடுத்தது, டிஜிட்டல் சிக்னலில் நூற்றுக்கணக்கான சின்ன அலைகள் ஒன்றாகப் போகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினால் பெரிய உச்சம். டிரான்ஸ்மிட்டர் அதை நசுக்கினால் பக்கத்து நிலையத்தில் குப்பை கொட்டும். ஆகவே உச்சத்துக்கு இடம் விட்டு, சராசரி சக்தியைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

கேட்கிறவருக்கு வேறு அனுபவம். சென்னைப் பக்கம் டி.ஆர்.எம். உள்ள நண்பரின் காரில் போனேன். உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் செய்தி வாசித்தவர் பாதி வாக்கியத்தில் ஊமையானார். கம்பியைத் தாண்டினதும் வேறொரு செய்தியில் இருந்தார். அனலாக் என்றால் கரகரத்துக்கொண்டாவது சொல்லி முடித்திருக்கும்.

குளச்சல்: கடலுக்குப் போற எங்களுக்கு இதால என்ன பிரயோஜனம்?

எஃப்.எம். பார்வைக் கோட்டில் போகிற அலை. 100 மீட்டர் டவர் என்றால் 40 கிலோமீட்டர் சுற்றில் அடிவானம் வந்துவிடும். ஆழ்கடலுக்கு மீடியம் வேவ்தான் சரி. டி.ஆர்.எம்.மில் அவசர எச்சரிக்கை வசதி உண்டு. அதற்கு ஏற்ற ரேடியோ என்றால், வேறு நிலையம் ஓடிக்கொண்டிருந்தாலும் எச்சரிக்கைக்குத் தானே மாறும். 2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் வந்தபோது படகில் இருந்தவர்கள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ரேடியோ படகில் இருக்க வேண்டுமே! விலை இறங்கி, வள்ளத்துக்கு ஒன்று என்று வரும் வரை மீடியம் வேவ் அனலாக்கில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆரல்வாய்மொழி: தனியார் எஃப்.எம். எப்போது டிஜிட்டல் ஆகும்?

2025 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை கொடுத்தது: ஒரே அலைவரிசையில் ஒரு அனலாக், மூன்று டிஜிட்டல், ஒரு டேட்டா சானல். முதலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்கள். நம்ம ஊர் அந்த வரிசையில் இல்லை.

கன்னியாகுமரி: நார்வே மாதிரி எஃப்.எம்.மையே மூடிவிடுவார்களா?

2017-ல் அங்கே மூடியது தேசிய நிலையங்களை. உள்ளூர் நிலையங்கள் பல எஃப்.எம்.மில் தொடர்ந்தன.

இரணியல்: டிஜிட்டலில் மணிச் சத்தம் பிந்தி வருமாமே?

வரும். சுருக்கி, கலைத்து, திரும்ப அடுக்க சில விநாடி பிடிக்கும். வாட்சைச் சரிசெய்ய அப்பாவின் பழைய ரேடியோவையே வைத்துக்கொள்ளுங்கள்.