அந்த நாற்காலியை எடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 63. சில வருடங்களாக சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இன்ஹேலர் தவறாமல் எடுக்கிறேன். ஆனாலும் இரவானால் மூச்சு நின்றுவிடும் என்ற எண்ணம்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை அடிக்கடி விரலில் மாட்டிப் பார்க்கிறேன். 92, 93 காட்டினாலும் மனம் நம்புவதில்லை. நடப்பதையே விட்டுவிட்டேன். மனைவி கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். எதிர்மறை எண்ணங்களை எப்படி விரட்டுவது?

பதில்: கடிதம் முழுக்க உங்கள் மூச்சு. மனைவியின் தூக்கம் போகிற போக்கில் ஒரு வரி. எத்தனை மாதமாக இப்படி உட்கார்ந்து தூங்குகிறார்? அவர் வயது என்ன, முதுகு எப்படி இருக்கிறது? எழுதவில்லை. அவரிடம் கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

நோய் வந்தால் வேலைக்கு விடுப்பு உண்டு, கணவன் என்ற பொறுப்புக்குக் கிடையாது. அவர் காவல் இருப்பதால் உங்கள் நுரையீரலுக்கு எந்த லாபமும் இல்லை. விடிந்ததும், அவர் விழித்திருந்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. அடுத்த இரவும் அவர் வேண்டும். ஆக்சிமீட்டரும் இப்படித்தான். இந்த நோயில் ஆக்சிஜன் வைக்கப்படும் பலருக்கு மருத்துவர்களின் இலக்கே 88 முதல் 92 வரைதான். உங்களுக்கு எந்த எண் போதும், எத்தனை முறை பார்த்தால் போதும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எண்ணத்தை விரட்டும் வேலையே வேண்டாம். பயந்தால் மூச்சு வேகமாகும். வெளிவிட நேரம் போதாமல் காற்று உள்ளேயே தேங்கும். புதுக் காற்றுக்கு இடமிருக்காது. திணறல் கூடும், பயமும் கூடும். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். நன்றாக இருக்கும்போதே பழகுங்கள். திணறும் நேரத்தில் எதுவும் புதிதாகக் கற்க வராது.

நடையை விட்டது பெரிய தவறு. கால் தசை தளர்ந்தால் சின்ன வேலைக்கும் அதிக மூச்சு வாங்கும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று இருக்கிறது, பெரும்பாலும் 6 முதல் 12 வாரம். மூச்சிரைப்போடு பதற்றமும் குறையும். மருத்துவரிடம் அதைக் கேளுங்கள், பயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் மூச்சையே மந்தமாக்கும்.

இன்றிரவு மனைவி படுத்துத் தூங்க வேண்டும். தலைமாட்டில் அழைப்பு மணி வையுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, புத்தி குழம்பினாலோ, வழக்கமான மருந்துக்குத் திணறல் அடங்காவிட்டாலோ மணியை அடியுங்கள், தயங்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வெறும் பயம் வந்தால் உதட்டைக் குவித்து மூச்சை விடுங்கள், அவரை எழுப்பாதீர்கள்.