பூப்பாறை வாசகர் கேட்கிறார்: பிரேக் டிஸ்க் மாற்ற 15,600 ரூபாயா, 8,100 ரூபாயா?

கேள்வி: வணக்கம் சார். கேரளாவின் பூப்பாறையில் ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறேன். மாதத்தில் ஆறேழு தடவை காய் மூட்டையோடு தமிழ்நாட்டுப் பக்கம் போடிக்கு இறங்குவேன். வண்டி 2018 மாடல் டீசல், சின்ன எஸ்யூவி, 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. சர்வீஸ் சென்டரில் முன் டிஸ்க் இரண்டும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் மாற்ற 15,600 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். கார்டில் 12 மாத இ.எம்.ஐ. போடலாமாம், வட்டி 16 சதவீதம். போடியில் தெரிந்த மெக்கானிக் வெளி பிராண்டு டிஸ்க் போட்டு 8,100-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். ஆன்லைனில் துளை போட்ட டிஸ்க் ஜோடி 2,900-க்கே கிடைக்கிறது. கையிருப்பு 22,000 ரூபாய்தான். அதில் காய் எடுக்க ஆள் கூலியும் கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் வாங்க வழி உண்டா? இந்தக் காய் எடுப்பு முடியும்வரை தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம். உங்கள் கேள்வியில் நான் உடனே பதில் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவு. ஆட்கள், மூட்டை எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கொஞ்சத்தை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி வெப்பம் முழுக்க பிரேக்கில்தான் இறங்குகிறது, அதிலும் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டில். சமவெளியில் ஓட்டுகிறவர் மலிவு டிஸ்க் போட்டுச் சமாளிக்கலாம். நீங்கள் அப்படிச் செய்ய முடியாது.

அதற்காக 15,600 ரூபாய் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பணத்தை எடுப்பதற்கு முன் ஓர் அரை மணி நேர வேலை இருக்கிறது. டிஸ்க் நிஜமாகவே போய்விட்டதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் “டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்று” என்பதுதான் பொதுவாகச் சொல்வது. பல வண்டிகளில் டிஸ்க் வளைந்திருக்காது. பேடின் பொருள் ஒரு பக்கம் அப்பியிருக்கும், அல்லது டிஸ்க் ஓர் இடத்தில் தேய்ந்து கனம் குறைந்திருக்கும், அல்லது டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு ஏறியிருக்கும். வீல் நட்டைத் தாறுமாறாக முடுக்கினாலும் நாளடைவில் இதே நடுக்கம் வரும்.

என் வண்டியிலேயே இதைப் பார்த்தேன். தேனியில் ஒரு பட்டறையில் வீலையும் டிஸ்கையும் கழற்றியபோது ஹப்பில் காசு அகலத்துக்குத் துரு, செதில் செதிலாக. மெக்கானிக் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து டிஸ்கைச் சுற்றிக் காட்டினார். முள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுத்தமாகத் தேய்த்து, அதே டிஸ்கை மறுபடி மாட்டிச் சுற்றினால் முள் கிட்டத்தட்ட அசையவில்லை. அன்றைக்கு எனக்கு ஆனது வெறும் கூலி மட்டும்தான். பல கார்களில் இந்த ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், அதாவது தலைமுடி கனத்துக்கும் குறைவு. கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால் டயல் கேஜ் இல்லாத இடத்தில் “மாற்றணும்” என்று சொன்னால், அளந்து சொல்லுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் டிஸ்கின் கனம். டிஸ்கின் மேலேயோ விளிம்பிலோ குறைந்தபட்சக் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டரால் ஆறேழு இடத்தில் அளக்க வேண்டும். பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள். கனம் மிச்சமிருந்தால் லேத்தில் கொடுத்து மேல் முகத்தைச் சீவி (ஸ்கிம்) எடுக்கலாம், செலவும் குறைவு. ஆனால் மெட்டு ஏறி இறங்கும் வண்டிக்கு அதை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். கனம் குறைந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், போன நடுக்கம் திரும்பி வரும். இரண்டு தடவை கூலி கொடுத்ததுதான் மிச்சம்.

82,000 கி.மீ. மலையில் ஓடிய டிஸ்க் என்பதால், அளந்தாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று விலை சொல்லியிருக்கிறீர்கள். விலையை மட்டும் பார்க்காமல் கிலோமீட்டருக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். கணக்குக்காக கம்பெனி டிஸ்க் 60,000 கி.மீ. ஓடட்டும்: கிலோமீட்டருக்கு 26 காசு. நல்ல வெளி பிராண்டு 45,000 கி.மீ. ஓடினால் 18 காசு. ஆன்லைன் டிஸ்க் 2,900, அதோடு பேடுக்கும் கூலிக்கும் இன்னொரு 2,900 சேர்த்தால் 5,800. அது 20,000 கி.மீ.யில் போய்விட்டால் 29 காசு. மூன்றிலும் விலை குறைந்ததுதான் கடைசியில் அதிகம் கறக்கிறது. இந்த ஆயுள் எண்கள் என் அனுமானம்தான், உங்கள் ஓட்டத்துக்கு மாறும். ஆனால் ஒன்று பாருங்கள்: 8,100 ரூபாய் டிஸ்க் 31,000 கி.மீ. தாண்டினாலே கம்பெனி டிஸ்கோடு சமன். அதற்குமேல் ஓடுவதெல்லாம் உங்களுக்கு லாபம். ஆகவே என் ஓட்டு மெக்கானிக்குக்குத்தான், சில நிபந்தனைகளோடு.

வெளி பிராண்டு என்றால் ஏதோ மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். கார் கம்பெனிகள் டிஸ்கைத் தாங்களே வார்ப்பது அபூர்வம். சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கும் பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கிறார்கள், கடைச் சந்தைக்கும் விற்கிறார்கள். பெட்டியும் விலையும்தான் மாறும். நீங்கள் பார்க்க வேண்டியது, பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், பாக எண், டிஸ்கில் பேட்ச் எண், குறைந்தபட்சக் கனம் எல்லாம் இருக்கிறதா என்பது. பாக எண் உங்கள் சேஸிஸ் எண்ணுக்குப் பொருந்த வேண்டும். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் அளவு மாறுவதுண்டு. அப்புறம், காய் எடைபோடும் தராசு உங்களிடம் இருக்கிறதல்லவா? பழைய டிஸ்கையும் புதியதையும் அதில் வைத்துப் பாருங்கள். தேய்ந்த டிஸ்கைவிடப் புதியது எடை கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் வார்ப்பில் இரும்பை மிச்சம்பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள்.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. உங்களுக்கு அது தேவையில்லை. துளை போட்ட இடத்தில் வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரும்பு இல்லை, திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். நடுவில் காற்றுப் போக வழியுள்ள, மேல் முகம் வழுவழுப்பான சாதா டிஸ்க் போதும். துருப் பிடிக்காத பூச்சு உள்ளது கிடைத்தால், மூணாறு பக்கத்து மழைக்கு நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம். டிஸ்க் இரண்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், பேடும் புதிது. பழைய பேடைப் புது டிஸ்கில் போட்டு 1,900 ரூபாய் மிச்சம்பிடித்தால் புது டிஸ்க் கோடு விழுந்துபோகும்.

இ.எம்.ஐ. வேண்டாம். 15,600-க்கு 16 சதவீதத்தில் 12 மாதம் என்றால் மாதம் 1,415 ரூபாய், மொத்த வட்டி சுமார் 1,385. கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது ஒரு 250. பிராசஸிங் கட்டணம் தனி. ஏறக்குறைய ஒரு செட் பேடின் விலையை வட்டியாகக் கொடுக்கிறீர்கள். கையிருப்பு 22,000-ல் 8,100 போனால் 13,900 மிஞ்சும். ஆள் கூலிக்கு அது பற்றாது என்றால் காய் வாங்கும் வியாபாரியிடம் ஒரு வாரத்துக்கு முன்பணம் கேளுங்கள். அதையும் முதலில் காய் விலை பேசி முடித்துவிட்டுக் கேளுங்கள்.

சர்வீஸ் சென்டரில்தான் மாற்றுவது என்று முடிவெடுத்தால் எஸ்டிமேட்டில் வரி விகிதத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு முன் பல பாகங்களுக்கு 28. பழைய விலைப் பட்டியலை வைத்து எழுதியிருந்தால், பாகங்களின் விலை 13,000 ரூபாய் என்றால் அதில் ஆயிரம் ரூபாய் குறைய வேண்டும். கேரளாவில் வாங்கினாலும் தமிழ்நாட்டில் வாங்கினாலும் இந்த விகிதம் ஒன்றுதான், டீசல் மாதிரி எல்லை தாண்டினால் மாறாது. அதனால் வரிக்காகக் கடை தேட வேண்டாம், பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். பில் இருந்தால்தான் குறை வந்தால் மாற்றித் தருவார்கள்.

இன்ஷூரன்ஸில் கிடைக்காது. தேய்மானம் எந்த மோட்டார் பாலிசியிலும் சேராது, விபத்தில் பாகத்தின் மதிப்புக் குறைவைக் கழிக்காத ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் அதே கதைதான்.

கூடவே பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை, ஆனால் மெட்டு வண்டிக்கு டிஸ்குக்குச் சமமான முக்கியம். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும்; ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். கொதித்து ஆவி புகுந்தால் பெடல் தரையோடு போகும். பெடல் எப்போதாவது மெத்தென்று இறங்கினாலோ கருகல் வாடை வந்தாலோ, அதே இடத்தில் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். மெட்டில் எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குவது டிஸ்க் ஆயுளை எவ்வளவோ கூட்டும், அதற்குச் செலவு ஒரு பைசாவும் இல்லை.

அடுத்த தடவை இப்படிக் கையைப் பிசைய வேண்டாம் என்பதற்கு ஒரு யோசனை. உங்கள் ஓட்டம் வருஷத்துக்கு 12,000 கி.மீ.க்குள் இருக்கலாம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் மாதம் 1,000 ரூபாய் தனிக் கணக்கில் அல்லது ஆர்.டி.யில் போட்டு வையுங்கள். டயர், பேட்டரி, டிஸ்க் எல்லாம் அதிலிருந்து. புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில் ஏலக்காய் விலை எப்படி ஏறி இறங்கும் என்று நான் சொல்வதைவிட நன்றாக உங்களுக்கே தெரியும். விலை படுத்திருக்கும் மாதத்தில்தான் வண்டி படுக்கும்.

வேலை முடிந்ததும் நேராக மெட்டு ஏறாதீர்கள். போடியிலிருந்து தேனி ரோட்டில் போய், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 60-லிருந்து 15 வரை எட்டுப் பத்துத் தடவை நிதானமாகப் பிரேக் பிடியுங்கள், முழுசாக நிறுத்தாமல். அப்புறம் சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடும் டிஸ்கும் அப்போதுதான் ஒன்றுக்கொன்று பழகும். வீட்டுக்குப் போய், அடுத்த முறை மெட்டு இறங்கும்போது ஒரு தடவை மூட்டை இல்லாமல் வாருங்கள்.