டோமினோ: காய் எடுப்பதா, பாஸ் சொல்வதா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர் டோமினோ பழகுகிறோம். வைக்கக் காய் இல்லையென்றால் குவியலிலிருந்து எடுக்கச் சொல்கிறது பெட்டியில் இருந்த தாள். ஃபோன் செயலியோ பாஸ் சொல்ல வைக்கிறது. எது சரி? யாராலும் வைக்க முடியாமல் ஆட்டம் நின்றுபோனால் யாருக்கு வெற்றி?

பதில்: இரண்டுமே சரி. காய் எடுப்பது டிரா ஆட்டம், பாஸ் சொல்வது பிளாக் ஆட்டம். இந்த இரண்டையும் ஒரே தாளில் கலந்து அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். விற்கிறவர் எவருக்கும் அதை ஒருமுறை படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்வது இதனால்தான்.

காய்கள் மொத்தம் 28. ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியிலும் வெற்று முதல் ஆறு புள்ளிவரை. வரிசையின் முனையில் இருக்கும் எண்ணோடு அதே எண்ணுள்ள பாதியைச் சேர்த்து வைப்பதுதான் ஆட்டம். நால்வரும் ஆளுக்கு 7 எடுத்தால் குவியலே மிஞ்சாது, எடுக்கும் பேச்சுக்கும் இடமில்லை. பொருந்தும் காய் இல்லாதவர் பாஸ். நீங்கள் இப்படியே ஆடுங்கள். ஆளுக்கு 5 எடுத்தால் 8 காய் மிஞ்சும். அப்போது பொருந்துகிற காய் கிடைக்கும்வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இருவர் மட்டும் ஆடும் நாளுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆளுக்கு 7 போகக் குவியலில் 14 இருக்கும். அதில் 12 வரைதான் எடுக்கலாம். கடைசி இரண்டைத் தொடக்கூடாது. பல தாள்களில் இந்த வரியே இருப்பதில்லை. குவியல் முழுவதும் காலியானால், மேசையில் இருப்பதையும் தன் கையில் இருப்பதையும் கழித்து எதிராளியின் காய்களை அப்படியே சொல்லிவிடலாம். இரண்டு காய் கவிழ்ந்தே கிடந்தால் அந்தக் கணக்கு முழுமையாகாது. எனவே குவியல் இரண்டுக்கு வந்ததும், காய் இல்லாதவர் எடுக்காமல் பாஸ் சொல்ல வேண்டும்.

டபுளை, அதாவது இரு பாதியிலும் ஒரே எண் உள்ள காயை, குறுக்காக வைப்பது பார்வைக்கு மட்டுமே. அங்கிருந்து கிளை பிரியாது. வரிசைக்கு எப்போதும் இரண்டு முனைதான். வெற்றுப் பாதி வெற்றுப் பாதியோடு மட்டுமே சேரும். எதற்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இனி ஆட்டம் நின்றுபோவது. ஒவ்வொரு எண்ணும் 7 காய்களில் வரும். டபுளில் இருமுறை வருவதால் மொத்தம் 8 பாதிகள். வரிசைக்குள் பாதிகள் இரண்டிரண்டாகவே சேர்கின்றன. ஆகவே மூன்றுள்ள ஏழாவது காயும் இறங்கிய பிறகு ஒரு முனையில் மூன்று நின்றால், மறுமுனையிலும் மூன்றுதான் நிற்கும். அதற்குமேல் யாராலும் வைக்க முடியாது. எல்லோரும் கையைத் திறந்து புள்ளிகளைக் கூட்டுங்கள். குறைந்த புள்ளி வைத்திருப்பவருக்கு வெற்றி. மற்ற மூவரின் கூட்டுத்தொகையில் தன்னுடையதைக் கழித்து எழுதிக்கொள்வார். அதனால் 6-6, 6-5 போன்ற கனமான காய்களைக் கடைசிவரை வைத்திருக்காதீர்கள்.

செட்டில் ஒரு காய் தொலைந்தாலும் இந்தக் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். வாங்கியதும் எல்லாப் புள்ளிகளையும் கூட்டுங்கள். 168 வர வேண்டும். 55 காய், 91 காய் செட்டுகளை ‘லாபம்’ என்று தலையில் கட்டுவார்கள். பழகுவதற்கு அவை வேண்டாம்.

செயலி பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விதி பழக மட்டும் பயன்படுத்துங்கள், பணம் கட்டி ஆடாதீர்கள். ஆளுக்கு 100 கட்டி, ஆட்டத்துக்கு 10 கமிஷன் பிடித்தால், சமத் திறமையுள்ள இருவர் 20 ஆட்டம் ஆடி முடிக்கையில் இருவரிடமிருந்தும் சேர்த்து 200 போயிருக்கும். நால்வர் ஆட்டத்தில் இருவர் ஃபோனில் பேசி வைத்துக்கொண்டால் 28-இல் 14 காய் அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கு 7 தான். ‘செயலியில் கட்டும் நாணயத்தை மலிவாக ஏற்றித் தருகிறேன்’, ‘ஜெயிக்கிற வழி சொல்லித் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகருக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். விதிமுறையைத் திரையின் ஏதோ மூலையில் ஒளித்துவிட்டு, பணம் கட்டும் பட்டனை மட்டும் நடுவில் வைக்க இந்தச் செயலிக்காரர்களை யார் அனுமதிக்கிறார்களோ!

முதல் சுற்றை 6-6 வைத்திருப்பவர் தொடங்கட்டும். அடுத்த சுற்றுகளை முன் சுற்றில் வென்றவர் தொடங்குவார். 100 புள்ளியை முதலில் எட்டியவருக்கு ஆட்டம்.