பயில்வான், பால் குளியல், கடன்

கேள்வி: அமெரிக்காவில் ‘ஃபாலீஸ்’ மேடை நிகழ்ச்சிகளை நடத்திய ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட் பாட்டு எழுதவில்லை, நடிக்கவில்லை, ஆடவில்லை. பணம் போட்டார், அவ்வளவுதான். அவரைப் போய் ஏன் மேதை என்கிறார்கள்? (ஒரு வாசகர்)

பதில்: பணம் போட்டாரா? அவர் கையில் பணம் எங்கே தங்கியது? 1927-இல் அவர் பெயரிலேயே திறந்த தியேட்டருக்குக்கூடப் பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட்தான் பின்னால் நின்றார். மேதைப் பட்டம் நானும் தர மாட்டேன். ஆனால் ஜனங்கள் எதற்கு டிக்கெட் வாங்குவார்கள் என்று மனிதருக்குத் தெரியும்.

1893, சிகாகோ உலகக் கண்காட்சி சமயம். யூஜின் சாண்டோ என்ற பயில்வானை அங்கே மேடையேற்றினார். (சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் இருக்கிறதே, அதே சாண்டோ.) எடை தூக்கிக் காட்டினால் நாலு பேர் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவரோ, பெரிய இடத்துப் பெண்கள் வந்து பயில்வானின் புஜத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்றார். ஊரே அதைத்தான் பேசியது. மூன்று வருஷம் கழித்து ஐரோப்பாவிலிருந்து அன்னா ஹெல்ட் என்ற நடிகையை அழைத்து வந்தார். அந்த அம்மாள் பாலில் குளிக்கிறார் என்று பேப்பரில் செய்தி. பால்காரர் பாக்கி கேட்டு வழக்குப் போட்டுவிட்டார் என்று இன்னொரு செய்தி. எல்லாம் ஜோடனை!

1907-இல் தொடங்கிய ஃபாலீஸ் என்றதும் அழகிகளின் அணிவகுப்பைத்தான் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 1910. அந்த வருஷம் பெர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பின நகைச்சுவை நடிகரைச் சேர்த்தார். வெள்ளை நடிகர்கள் சிலர் முறுக்கிக்கொண்டார்கள்; இவர் மசியவில்லை. (அதற்காகப் புரட்சியாளர் என்று எழுதிவிடாதீர்கள். கறுப்பரைக் கேலிச்சித்திரமாகக் காட்டும் அந்தக் கால மேடை வழக்கப்படி, வில்லியம்ஸும் முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் ஆட வேண்டியிருந்தது.) வேடிக்கை என்னவென்றால், சீக்ஃபெல்டுக்கு நகைச்சுவையே பிடிக்காது என்பார்கள். ஆனாலும் ஃபேனி பிரைஸ், டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், வில் ரோஜர்ஸ் எல்லோரும் அவர் மேடையில்தான் கொடிகட்டிப் பறந்தார்கள். தனக்குச் சிரிப்பு வராவிட்டால் என்ன, கூட்டம் சிரிக்கிறதா என்று பார்த்தார்.

அப்புறம் 1927 டிசம்பரில் ‘ஷோ போட்’. நிறம் பார்த்துத் திருமணத்தையே குற்றமாக்கும் சட்டமும், சூதாடிக் கணவன் கைவிட்ட மனைவியும் வரும் இசை நாடகம். அழகிகளைக் காட்டியே பெயர் வாங்கியவர் இதில் கைவைத்தது துணிச்சல்தான். 572 காட்சிகள் ஓடியது.

1929 பங்குச் சந்தைச் சரிவு அவரைத் துடைத்துவிட்டது. 1932 ஜூலையில் இறந்தபோது மிஞ்சியது கடன். அதை அடைக்க ஹாலிவுட்டில் நடித்துச் சம்பாதித்தவர் மனைவி பில்லி பர்க். 1939-இல் வந்த ‘தி விஸார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தின் நல்ல சூனியக்காரி அவர்தான்.