ஏற்கெனவே நோய் இருப்பவருக்குப் பயணக் காப்பீடு எடுத்தால், அந்த நோய்க்குப் பணம் கிடைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மூன்று மாதம் போகிறார். ஏஜெண்ட் ‘எல்லாமே கவர் ஆகும்’ என்கிறார். பாலிசியில் ‘முன்பே இருந்த நோய்கள்: உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? நோயைக் குறிப்பிடாமலே எடுத்துவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: செய்யாதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாக எழுதுகிறேன். பயணக் காப்பீட்டு க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

நீங்கள் மேற்கோள் காட்டிய அந்த ஒரு வரிதான் உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை மொத்த பாலிசியும். ஏஜெண்ட் ‘எல்லாமே’ என்று சொன்னது க்ளெய்ம் பிரிவுக்குத் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது அச்சிட்ட வாசகமும் நீங்கள் நிரப்பிய விண்ணப்பமும் மட்டுமே.

அந்த வரியை நடைமுறையில் எப்படிப் படிப்பார்கள் என்று பாருங்கள். அங்கே போன இடத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வருகிறது, மாரடைப்பு என்று உறுதியாகிறது, உடனே அடைபட்ட ரத்தக் குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்கிறார்கள். இது உயிர் காக்கும் சிகிச்சை, எனவே அந்த வரிக்குள் வரும். நான்கு நாள் கழித்து நிலைமை சீராகிறது. ‘இன்னொரு குழாயிலும் அடைப்பு இருக்கிறது, அதையும் இப்போதே சரிசெய்துவிடலாம்’ என்கிறார் மருத்துவர். ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடக் கூடிய சிகிச்சை என்று நிறுவனத்தின் மருத்துவக் குழு கருதினால், அதற்குப் பணம் வராது. சர்க்கரை ஏறி மயக்கமாக இருக்கிறது என்று கிளினிக்குக்குப் போய் மாத்திரையை மாற்றி வாங்கி வந்தால் வராது. காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றினால் வராது. எடுத்துப்போன மாத்திரை தீர்ந்து அங்கே வாங்கினாலும் வராது. ஆபத்தைத் தாண்டும் வரைதான் அந்த வரி துணைக்கு வரும். தாண்டிய பிறகு ‘பயணம் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டார், ஊருக்கு அழைத்துச் செல்கிறோம்’ என்று நிறுவனம் சொல்லலாம். அதை மறுத்து அங்கேயே தங்கினால், அந்த நோய்க்கான பொறுப்பு அத்துடன் முடிந்தது என்று பெரும்பாலான பாலிசிகளில் எழுதியிருக்கும்.

இதோடு உள்வரம்பையும் பாருங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் காப்பீட்டுத் தொகை வேறு, முன்பே இருந்த நோய்க்கு அவர்கள் தரும் உச்சத்தொகை வேறு. பின்னது பலன்களின் அட்டவணையில் தனி வரியாக, பல மடங்கு சிறிய எண்ணாக இருக்கும். மாரடைப்பு அந்த வரிக்குள் வந்தாலும் அந்தச் சிறிய எண்ணோடு நின்றுவிடும். டிடக்டிபிள் என்று ஒன்றும் இருக்கும். ஒவ்வொரு க்ளெய்மிலும் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அது.

அடுத்தது, ‘முன்பே இருந்த நோய்’ என்றால் எது? மருத்துவர் பெயர் சொல்லிக் கண்டுபிடித்த நோய் மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வரையறைப் பகுதியைத் திறந்து பாருங்கள். நோயறிதல் மட்டுமில்லை, சிகிச்சை, மாத்திரை, மருத்துவ ஆலோசனை, எடுக்கச் சொல்லி இன்னும் எடுக்காத பரிசோதனை, சில பாலிசிகளில் வெறும் அறிகுறிகூட அதில் சேரும். சாதாரண விவேகம் உள்ள ஒருவர் மருத்துவரைப் பார்க்கப் போயிருக்கக் கூடிய அறிகுறி முன்பே இருந்திருந்தால், நீங்கள் போகாவிட்டாலும் அது முன்பே இருந்த நோய்தான். எத்தனை காலம் பின்னோக்கிப் பார்ப்பார்கள் என்பதும் பாலிசிக்குப் பாலிசி மாறும். அமெரிக்கப் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலும் 60 முதல் 180 நாள் வரை. வேறு சிலவற்றில் பல வருடங்கள். காலக்கெடுவே இல்லாத பாலிசிகளும் உண்டு.

அதே பகுதியில் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ அதனால் ஏற்படும்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். க்ளெய்ம் மேஜையில் இவ்வளவு வேலை செய்யும் சொற்கள் வேறு இல்லை. சர்க்கரை இருப்பவருக்குச் சிறுநீரகம் பழுதானால், ரத்த அழுத்தம் இருப்பவருக்குப் பக்கவாதம் வந்தால், புதிதாக வந்த நோய் என்று குடும்பம் மனதார நம்பும். மருத்துவ ரீதியாக இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதால் நிறுவனம் பழைய நோயின் கணக்கில்தான் வைக்கும்.

இனி மறைப்பதைப் பற்றி. மறைத்தால் எப்படித் தெரியவரும் என்று கேட்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளே ‘வேறென்ன நோய் இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை வருடமாக’ என்பவைதான். சரியான சிகிச்சைக்கு அது தெரிந்தாக வேண்டும், குடும்பமும் உள்ளதைச் சொல்லும், சொல்லத்தான் வேண்டும். அது அனுமதிக் குறிப்பில் பதிவாகும். க்ளெய்மோடு அந்தக் குறிப்பும் நிறுவனத்துக்குப் போகும். ஸ்டென்ட் என்றால் எக்ஸ்ரேயில்கூடத் தெரிய வாய்ப்பு உண்டு. பல க்ளெய்ம் படிவங்களில், சொந்த ஊர் மருத்துவரிடமிருந்து பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கவும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

மறைத்தது தெரிந்தால் அந்த ஒரு நோயோடு போகாது. பல நாட்டுச் சட்டங்களில், வேண்டுமென்றே மறைத்தால் பாலிசியையே தொடக்கத்திலிருந்து செல்லாததாக்கலாம். அப்புறம் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால்கூட ஒன்றும் கிடைக்காது.

உள்ளதைச் சொல்லும் இந்தக் கடமை மிகப் பழையது. 1766-இல் இங்கிலாந்தில் கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கு நடந்தது. சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டை எதிரி கையில் விழும் அபாயத்துக்கு அதன் ஆளுநர் காப்பீடு எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டையின் பலவீனத்தை மறைத்தார் என்று காப்பீடு கொடுத்தவர் வாதிட்டார். காப்பீடு எடுப்பவர் தனக்கு மட்டும் தெரிந்த முக்கிய விவரத்தை நல்லெண்ணத்தோடு சொல்லியாக வேண்டும் என்ற கோட்பாட்டை நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு அந்தத் தீர்ப்பில்தான் நிலைநாட்டினார். ஆனால் வழக்கில் வென்றது ஆளுநர்தான். காப்பீடு கொடுப்பவர் தானே தெரிந்துகொள்ளக் கூடியதைக் கேட்காமல் விட்டு, பிறகு அதையே காரணம் காட்ட முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை நிறுவனங்கள் அவ்வளவாக நினைவுபடுத்துவதில்லை. பிரிட்டனில் 2012-இல் வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. கேட்ட கேள்விகளுக்குக் கவனத்தோடு உண்மையான பதில் சொன்னால் போதும், கேட்காததைத் தானாக முன்வந்து சொல்லும் கடமை தனிநபருக்கு இல்லை. கவனக்குறைவாக ஒன்றை விட்டுவிட்டு, அது தெரிந்திருந்தால் ப்ரீமியம் கூடியிருக்கும் என்றால், கட்டிய ப்ரீமியத்தின் விகிதத்துக்கு க்ளெய்மைக் குறைக்கலாம். வேண்டுமென்றே செய்த பொய்க்கு அந்தச் சலுகை இல்லை. எல்லா நாட்டிலும் சட்டம் இப்படி இல்லை. ஆகவே தயக்கம் வந்தால் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

ஏஜெண்ட் விண்ணப்பத்தைத் தானே நிரப்பி அனுப்பும் வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. வேகமாக முடியட்டும் என்று ‘நோய் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று அடித்துவிடுவார். கடைசியில் அது உங்கள் அப்பா சொன்ன பதிலாகத்தான் நிற்கும். பாலிசி கைக்கு வந்ததும் விண்ணப்ப நகலைப் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் எழுத்தில் திருத்தக் கேளுங்கள். பல பாலிசிகளில் வாங்கிய 10 முதல் 15 நாளுக்குள், பயணம் தொடங்காமலும் க்ளெய்ம் எதுவும் கேட்காமலும் இருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

சரி, வேறு எந்த மாதிரி பாலிசியைத் தேடுவது? உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் தேடச் சொல்வது மருத்துவக் கேள்விகள் கேட்டு, கூடுதல் ப்ரீமியம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு நோயையும் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் வகையை. நிறையக் கேள்வி கேட்கிறார்களே என்று எரிச்சல் வரும். கேட்பவர்கள்தான் பின்னால் கொடுப்பவர்கள். ஏற்றுக்கொண்ட நோய்களின் பட்டியல் சான்றிதழில் அச்சாகி வரும். அதில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

அமெரிக்காவுக்குப் போகும் வயதானவர்களுக்கு விற்கும் பாலிசிகளில் ‘அக்யூட் ஆன்செட்’ என்ற பிரிவைப் பார்ப்பீர்கள். பழைய நோய் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென்று முற்றினால் மட்டும் தருவார்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். வயது ஏற ஏற இதன் வரம்பு குறையும், ஒரு வயதுக்கு மேல் இல்லாமலே போகும். இரண்டு நாளாக லேசான மூச்சுத்திணறல் இருந்தது என்று மருத்துவமனையில் சொன்னால், ‘திடீர்’ என்ற சொல்லில் சிக்கல் வரும். அதே சந்தையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று நிலையான தொகை மட்டும் தரும் மலிவான வகையும் உண்டு. மருத்துவமனைக் கட்டணத்துக்கும் அந்தத் தொகைக்கும் இடையே உள்ள பள்ளம் முழுக்க நம் தலையில் விழும். இதய நோயாளிக்கு அதை வாங்கவே வேண்டாம்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். விசா கிடைத்துவிட்டதாலேயே காப்பீடு போதுமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய நோய்களை முழுக்க விலக்கிய பாலிசிக்கும் விசா கிடைத்துவிடும்.

பயணத்துக்கு முந்தைய மாதங்களில் மிகவும் கவனிக்க வேண்டியது ‘நிலையாக இருத்தல்’ என்ற நிபந்தனை. கனடா பாலிசிகளில் இது அதிகம், மற்ற இடங்களிலும் வருகிறது. புறப்படுவதற்கு முன் 90 அல்லது 180 நாள் நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்பார்கள். புது மாத்திரை, அளவு மாற்றம், புது அறிகுறி, நிபுணரிடம் அனுப்புதல், முடிவு வராத பரிசோதனை இதில் எது நடந்தாலும் நிலை கலைந்தது என்று பொருள். குணம் தெரிகிறது என்று மருத்துவர் மாத்திரையைக் குறைத்தால்கூட அது மாற்றம்தான்! உடம்பு தேறியதற்காகவா தண்டனை என்று குடும்பங்கள் ஆதங்கப்படுவார்கள், நியாயமான ஆதங்கம்தான். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றில் வழக்கமாகச் செய்யும் சிறு மாற்றங்களுக்குப் பல பாலிசிகள் விலக்கு தருகின்றன. இதற்காக மருத்துவர் மாற்றச் சொன்ன மருந்தை மாற்றாமல் இருந்துவிடாதீர்கள், உடம்புதான் முக்கியம். மாறினால் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், தேவையானால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

பயணத்தை ரத்து செய்வதற்கான காப்பீடு இருந்தால், பயணம் செய்யாமல் வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பழைய நோய்க்கும் இதே விலக்கு பொருந்துமா என்று பாருங்கள். பல பாலிசிகளில் பொருந்தும்.

அவசரம் என்று வந்துவிட்டால், பாலிசியில் இருக்கும் 24 மணி நேர உதவி எண்ணை அக்கா தன் கைபேசியில் முன்பே பதிந்து வைத்திருக்கட்டும். மருத்துவமனையில் சேர்க்கும் முன், முடியாவிட்டால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள், அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. சொல்லாவிட்டால் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் கொடுத்துவிடுவோம். ஊருக்குக் கொண்டுவரும் செலவு கவர் ஆவதும் அவர்களே ஏற்பாடு செய்தால்தான். படுத்த நிலையில் சாதாரண விமானத்தில் கொண்டுவர வேண்டுமென்றால் பல இருக்கைகள், கூட ஒரு மருத்துவ உதவியாளர் என்று செலவு எங்கோ போய்விடும். நாமாக ஏற்பாடு செய்து பிறகு பில்லை நீட்டினால் பெரும்பாலும் நிராகரிப்பார்கள்.

க்ளெய்மை மறுத்தால் தொலைபேசியில் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொண்டு விட்டுவிடாதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சிகிச்சை அளித்த மருத்துவரிடமிருந்து, இது எப்படித் தொடங்கியது, ஏன் தள்ளிப்போட முடியாத சிகிச்சை என்று ஒரு கடிதம் வாங்கி மறுபரிசீலனைக்கு அனுப்புங்கள். அப்படி ஒரு கடிதத்தால் முடிவு மாறிய கோப்புகளை நானே கையாண்டிருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் பல நாடுகளில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் செய்யச் சொல்வது: இதய மருத்துவரிடம் வழக்கமான பரிசோதனை எதுவும் பாக்கி இருந்தால் பயணத்துக்கு நன்றாக முன்கூட்டியே முடித்து, மாத்திரைகளை அவர் உறுதிசெய்யட்டும். பயணம் செய்யலாம் என்று ஒரு கடிதம், ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துகளின் வேதிப்பெயரோடு ஒரு சீட்டு, மூன்றையும் கைப்பையில் வைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கும் சற்றுக் கூடுதலாகவே மாத்திரை கொடுத்து அனுப்புங்கள், மருந்து கொண்டுவர அந்த நாட்டில் என்ன வரம்பு என்று பார்த்துக்கொண்டு. பிறகு நிறுவனத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள்: ‘68 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், மூன்று வருடத்துக்கு முன் ஸ்டென்ட். அங்கே மாரடைப்பு வந்தால் எவ்வளவு வரை தருவீர்கள்? பக்கவாதம் வந்தால்? எந்த நிபந்தனை எண்ணின் கீழ்?’ பதில் எழுத்தில் வந்த பிறகு ப்ரீமியம் கட்டுங்கள். ‘பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று மட்டும் பதில் வந்தால், மருத்துவக் கேள்விகள் கேட்கும் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்.